ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால்: மனுவுக்கு முன்னும் பின்னும் பெற்றோர் செய்யவேண்டியவை

என் மகளின் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டில் ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தேதியே இல்லை. அடுத்த பக்கங்களில் புள்ளிக் கோலங்களும், தோழிகளின் பெயர்களும், ஒரு பக்கம் முழுக்க ஏழாம் வாய்ப்பாடும் இருந்தன. விசாரித்தபோது கணக்கு ஆசிரியர் ‘வருவதில்லை’ என்றாள். ஊரில் 63 பேரிடம் கையெழுத்து வாங்கி, ‘எங்கள் பள்ளிக்கு உடனடியாக ஆசிரியரை நியமிக்க வேண்டுகிறோம்’ என்று மனுக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘மேற்படி பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக இல்லை.’

அந்தப் பதிலில் பொய் இல்லை. பணியிடம் நிரம்பித்தான் இருந்தது. அந்த ஆசிரியர் எங்கள் பள்ளிக் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு, மாற்றுப்பணி என்ற பெயரில் ஓர் அலுவலகத்தில் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு. ஆகவே தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலோ பிள்ளை படிக்கும் பெற்றோர், கோபத்தை மனுவாக எழுதுவதற்கு முன்னால், தங்கள் பள்ளியில் இருப்பது எந்த வகைப் பற்றாக்குறை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த வகைப் பற்றாக்குறை?

நான்கு வகைகள் உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றோ, பதவி உயர்விலோ, கலந்தாய்வில் மாறுதல் பெற்றோ போய், அந்த இடம் காலியாகக் கிடப்பது ஒன்று. மாணவர் எண்ணிக்கைக்குத் தேவையான பணியிடமே அனுமதிக்கப்படாமல் இருப்பது இரண்டாவது. எங்கள் ஊரில் நடந்ததுபோல், ஏட்டில் ஆள் இருந்து வகுப்பில் இல்லாதது மூன்றாவது. மகப்பேறு விடுப்பு, மருத்துவ விடுப்பு ஆகியவற்றால் மாதக்கணக்கில் வகுப்பு வெறுமையாக இருப்பது நான்காவது. மகப்பேறு விடுப்பு தமிழ்நாட்டில் 2021 முதல் 12 மாதம். அது அந்த ஆசிரியையின் உரிமை. அவரைக் குறைசொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அந்த ஓராண்டுக்கு மாற்று ஆளை ஏற்பாடு செய்யாத அலுவலகத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில் ஒரு பலகை தொங்கும்; அதில் அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலியிடம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் கால அட்டவணையை வைத்துப் பாருங்கள். பலகை சொல்லும் ஆள் எண்ணிக்கையும், வாரத்தில் ஐந்து நாளும் உண்மையில் வகுப்புக்கு வரும் ஆள் எண்ணிக்கையும் வேறுபட்டால், அந்த வேறுபாடே உங்கள் மனுவின் முதல் வரி. தலைமையாசிரியரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கின்றன. அவர் எழுத முடியாததைப் பெற்றோர் எழுதினால் பெரும்பாலும் அவருக்கும் நிம்மதிதான். எங்கள் தலைமையாசிரியர் எதுவும் பேசவில்லை. ஆனால் மாற்றுப்பணி ஆணை இருந்த கோப்பை மேசைமேல் திறந்துவைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

சட்டம் தரும் அளவுகோல்

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணையில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்பது உள்ளது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர். 150-ஐத் தாண்டினால் இவர்களோடு ஒரு தலைமையாசிரியரும் வேண்டும். உங்கள் தொடக்கப்பள்ளியில் 64 பிள்ளைகள் படித்து இருவர் மட்டும் பணியில் இருந்தால், நீங்கள் மூன்றாமவரைக் கேட்பது சலுகைக்காக அன்று. 60-க்குள் இருந்தால், ஐந்து வகுப்புக்கு இருவர் போதும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. அந்த இருவரில் ஒருவர், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும் நாளில், மீதமிருப்பவர் முதலாம் வகுப்புக்கு ‘அ’வையும் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னத்தையும் ஒரே அறையில் நடத்துவதைப் பார்த்த எவரும் இந்த அளவுகோலை நியாயம் என்று சொல்லமாட்டார். ஆனால் மனுவில் எடுபடுவது சட்டத்தில் உள்ள எண் மட்டுமே.

ஆறு முதல் எட்டு வரை, வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகிய மூன்று பிரிவுக்கும் குறைந்தது ஒவ்வொருவர் இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதமும் குறையக் கூடாது. கவனியுங்கள்: கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே ஒருவர், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்தே ஒருவர் என்பதுதான் சட்டத்தின் குறைந்தபட்சம். பாடத்துக்கு ஒருவர் என்று சட்டம் சொல்வதாக எழுதினால், அந்த ஒரு பிழையைக் காட்டியே மனுவை மூடிவிடுவார்கள்.

இதே சட்டத்தில் பெற்றோர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய பிரிவுகள் மூன்று. பிரிவு 25(2), ஒரு பள்ளியில் பணியமர்த்தப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைப்பதைத் தடுக்கிறது. பிரிவு 26, ஒரு பள்ளியில் காலியிடம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐந்து பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலி என்றாலே இருபது விழுக்காடு என்பதை மனுவில் கணக்குப்போட்டே காட்டுங்கள். பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை விடுமுறை நாளிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலுமே ஆசிரியர்களிடம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கூறியிருக்கிறது. அந்தப் பணியைச் சொல்லி வகுப்பு நின்றுபோனால் இதை மேற்கோள் காட்டலாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அரசாணைகளையும் அனுமதிக்கப்பட்ட பணியிடப் பட்டியலையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

தீர்மானமும் மனுவும்

தனி ஆளின் மனுவைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துக்குக் கனம் அதிகம். சட்டத்தின் பிரிவு 21-இன்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டம் நடந்ததாக எழுதி வீட்டுக்கே நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. அந்த நோட்டில் எழுதாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்கு நேரில் போய், தீர்மானத்தை உங்கள் முன்னாலேயே எழுதச் சொல்லி, பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்: ‘இப்பள்ளியில் 6 முதல் 8 வகுப்பு வரை 97 மாணவர்கள் பயில்கின்றனர். அனுமதிக்கப்பட்ட பட்டதாரி ஆசிரியர் பணியிடம் மூன்று. கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஜூலை 22 முதல் மாற்றுப்பணியில் உள்ளதால் அன்று முதல் இன்றுவரை 61 பள்ளி வேலை நாள்கள் கணிதப் பாடவேளை நடைபெறவில்லை. இது கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 25(2)-க்கு முரணானது. மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்து ஆசிரியரை விடுவிக்குமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் தீர்மானிக்கப்படுகிறது.’ எங்கள் தீர்மானத்தில் அலுவலரை அசைத்தது அந்த 61 என்ற எண்தான். எல்லாரும் சட்டப்பிரிவைத்தான் காரணமாக நினைத்தோம். ஆனால் வட்டாரக் கல்வி அலுவலர் விரலை வைத்து நிறுத்திப் படித்த இடம் அது.

தீர்மான நகலோடு, பிரிவு 32-இன்கீழ் குறைதீர் மனு என்று தலைப்பிட்டு, உள்ளாட்சி அமைப்புக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முகவரியிட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். அந்தப் பிரிவின்கீழ் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவு வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால், அனுப்பிய ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவைப் பதிந்து எண் வாங்குவதும், முதலமைச்சரின் 1100 உதவி எண்ணில் பதிவதும் கூடுதல் பலம். ஆனால் அவை சுற்றிச் சுற்றி அதே வட்டார அலுவலகத்துக்கே வந்து சேரும் என்பதால் அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தகவல் கேட்பது

மனுவோடு சேர்த்தே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் ஒரு விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் ஆசிரியர் இல்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாணவர் எண்ணிக்கைக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் பணியிட நிர்ணயத்தில் கடைசியாக வந்த ஆணையின் நகல், அந்தப் பணியிடம் எந்த நாளிலிருந்து காலி என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கம், மாற்றுப்பணி ஆணையின் நகல், அந்த ஆணையைப் பிறப்பித்த அலுவலரின் பதவிப் பெயர் ஆகிய நான்கும் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

அலுவலகத்தில் கேட்கும் சாக்குகள்

‘வழக்கு இருக்கிறது, நியமனம் நிற்கிறது’ என்பது முதல் சாக்கு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றவர்கள் நியமனத்துக்கு மறுபடியும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டின் 149-ஆம் எண் அரசாணையும், பணியில் இருப்பவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் துறையைப் பெரும் குழப்பத்தில் தள்ளியிருக்கின்றன. ஆனால் 2013-இல் அந்தத் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர்கள் வேலைக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடிய மாநிலத்தில், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவர வேண்டியதில்லை. எந்த வழக்கு, அதில் உள்ள தடை உங்கள் பள்ளியின் பணியிடத்துக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

‘மத்திய நிதி வரவில்லை’ என்பது அடுத்தது. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதியைக் கேட்டுத் தமிழ்நாடு அரசு 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது உண்மை. கேட்ட தொகை 2,291 கோடி ரூபாய். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் மாநிலம் கையெழுத்திடாததற்காகப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்திவைப்பது ஒரு வகை அநியாயம். எல்லாக் குறைக்கும் அதையே காரணமாக்குவது இன்னொரு வகை. காலியாக உள்ள பணியிடத்துக்கான ஊதியம் எந்தக் கணக்குத் தலைப்பில் வழங்கப்படுகிறது என்று ஒரு கேள்வியைத் தகவல் விண்ணப்பத்தில் சேர்த்தால், சாக்கு உங்கள் பள்ளிக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும்.

‘தற்காலிகமாக ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு முனைந்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போயிற்று. பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்பதால் ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ‘நிரந்தரப் பணியிடம் காலியாகவே உள்ளது’ என்ற வரி தீர்மானத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துச் சம்பளம் கொடுக்கும் வழக்கத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வசூலித்துவிட்டால் அந்தப் பணியிடத்தை எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மறியல், வழக்கு, கிராம சபை

பள்ளிக்குப் பூட்டுப் போட்டால் மறுநாளே ஓர் ஆசிரியர் வருவார். அவரும் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவராகவே இருப்பார், பதினைந்து நாளில் திரும்பிப் போய்விடுவார். பிள்ளைகளைச் சாலையில் உட்காரவைப்பதை நான் எந்தச் சூழலிலும் ஏற்கமாட்டேன். உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், முதலில் மனுக் கொடுத்து அது கவனிக்கப்படவில்லை என்பதற்கான சான்று வேண்டும் என்பதால், மேலே சொன்ன காகிதங்கள் இல்லாமல் வழக்கறிஞரைத் தேடிப் போவதில் பயனில்லை.

கிராம சபை அப்படியல்ல; செலவில்லாதது, பலரும் மறந்துவிடுவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும் சபையில் ஆசிரியர் காலியிடத்தைத் தனித் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

கோபத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பணியிட நிர்ணயம் வழக்கமாக ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்தே நடக்கிறது. ஆசிரியர் இல்லை என்று ஜூலையில் பத்துப் பிள்ளைகள் போனால், ஆகஸ்டில் இருக்கும் ஆசிரியரும் ‘உபரி’ ஆகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மாறுவது என்றே முடிவெடுத்தவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை; ஆனால் எண்ணிக்கை விளிம்பில் நிற்கும் பள்ளிகளில் இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஜூன் மாதமே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

எங்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் நவம்பர் இரண்டாம் வாரம் திரும்பி வந்தார். சமூக அறிவியல் பணியிடம் இன்னும் காலிதான். அதற்கான பிரிவு 32 மனுவுக்குரிய மூன்று மாதம் பிப்ரவரி 9-இல் முடிகிறது. ஆணையத்துக்கான மேல்முறையீட்டை, தேதி இடத்தை மட்டும் விட்டுவிட்டு, எழுதி வைத்திருக்கிறோம்.