ஃப்ரீகேடில் பாராமெட்ரிக் நட்டு: முதல் பயிற்சி

ஓர் எம்10 நட்டை (10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கானது) வரைந்த பிறகு எம்12 வேண்டும் என்றால் மறுபடி வரையக்கூடாது. நான்கு எண்களை மாற்றினால் போதும். இப்படி எண்களை மாற்றினால் வடிவமும் மாறும் மாதிரியைத்தான் பாராமெட்ரிக் என்கிறோம். அதைத்தான் இங்கே முப்பரிமாண வரைவு மென்பொருளான ஃப்ரீகேட் 1.0-இல் செய்கிறோம்.

வரைவதற்கு முன், எந்த அளவை நாம் கொடுக்க வேண்டும், எது தானாகக் கணக்காக வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எம்10 நட்டுக்கு ஐஎஸ்ஓ 4032 தரப்படி ஸ்பானர் பிடிக்கும் அகலம் 16 மி.மீ., உயரம் 8.4. "அகலம் = விட்டம் × 1.6" என்று சூத்திரம் போடத் தோன்றும், போடாதீர்கள். எம்8-க்கு 12.8 வரும், உண்மையில் 13. எம்12-க்கு 19.2 வரும், உண்மையில் 18. ஆகவே அகலமும் உயரமும் நாம் கொடுக்கும் அளவுகள். துளை மட்டும் கணக்கில் வரும்: விட்டத்தில் பிட்சை (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) கழித்தால் டேப் போடுவதற்கான, அதாவது உள்மரை வெட்டுவதற்கான துளை, இங்கே 10 − 1.5 = 8.5.

படி 1: ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றைத் திறந்து நான்கு செல்களில் 10, 1.5, 16, 8.4 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றோடும் மி.மீ. அலகைச் சேர்த்தே எழுத வேண்டும். அலகு உள்ளதும் இல்லாததும் ஒரே கூட்டலிலோ கழித்தலிலோ கலந்தால் பிழை வரும். பிறகு செல்லின் பண்புகளில் ஏலியஸ் (சூத்திரத்தில் அழைப்பதற்கான பெயர்) கொடுங்கள்: டயா, பிட்ச், அகலம், உயரம் (ஆங்கில எழுத்தில்). எம்10 என்றே பெயர் வைத்தால் ஏற்காது, அது ஒரு செல்லின் முகவரி. எம், எஸ் என்ற ஒற்றை எழுத்துகளும் ஆகாது. அவை மீட்டர், செகண்டுக்கான குறிகள்.

படி 2: பார்ட் டிசைன் பகுதியில் பாடி (திடப்பொருள்) உருவாக்கி, எக்ஸ்ஒய் தளத்தில் ஸ்கெட்ச் (தட்டை வரைபடம்) திறந்து, மையம் ஒரிஜினில் (அச்சுகள் சந்திக்கும் புள்ளியில்) இருக்கும்படி அறுகோணம் வரையுங்கள். மேல் பக்கத்துக்குக் கிடைமட்டக் கட்டுப்பாடு கொடுங்கள். மேல் பக்க முனை ஒன்றையும் கீழ் பக்க முனை ஒன்றையும் தேர்ந்து செங்குத்துத் தூரம் கொடுத்து, மதிப்புப் பெட்டியில் சமக்குறி தட்டி ஸ்ப்ரெட்ஷீட்.அகலம் என்று எழுதுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அறுகோணத்தைச் சுற்றியுள்ள உதவி வட்டத்தின் விட்டத்துக்கு 16 கொடுத்துவிடுவார்கள். அது மூலைக்கு மூலை அளவு. அப்போது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 13.86 தான் கிடைக்கும். 16 ஸ்பானர் அதில் லொடலொடவென்று ஆடும். சரியான நட்டில் மூலை அளவு 18.48 வரும்.

அதே ஸ்கெட்சில் ஒரிஜினை மையமாக வைத்து வட்டம் வரைந்து, விட்டத்துக்கு ஸ்ப்ரெட்ஷீட்.டயா − ஸ்ப்ரெட்ஷீட்.பிட்ச் கொடுங்கள். கோடுகள் முழுதும் பச்சையானால் எல்லா அளவும் உறுதியாகிவிட்டது, ஸ்கெட்ச் தயார். பச்சையான பிறகும் பக்க நீளத்துக்கு அளவு கொடுத்தால் மிகைக் கட்டுப்பாடு என்று எச்சரிக்கும். அந்த அளவை நீக்கிவிடுங்கள்.

படி 3: பேட், அதாவது ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுத்துத் திடப்பொருளாக்கும் கருவி. நீளம் ஸ்ப்ரெட்ஷீட்.உயரம். தளத்துக்கு இருபுறமும் சமமாக வளரும் தெரிவை டிக் செய்யுங்கள், அடுத்த படிக்கு அது தேவை.

படி 4: மூலைச் சரிவு, அதாவது நட்டின் மூலைகளைச் சாய்வாகச் சீவுவது. எக்ஸ்ஸெட் தளத்தில் ஒரு செங்கோண முக்கோணம்: மேல் கோடு கிடைமட்டம், வெளிக் கோடு செங்குத்து, மேல் கோட்டுக்கும் சாய்கோட்டுக்கும் இடையே 30°. மேல் கோடு கிடை அச்சிலிருந்து ஸ்ப்ரெட்ஷீட்.உயரம் ÷ 2 தூரத்தில். உள் முனை செங்குத்து அச்சிலிருந்து ஸ்ப்ரெட்ஷீட்.அகலம் × 0.475 தூரத்தில், வெளிக் கோடு ஸ்ப்ரெட்ஷீட்.அகலம் × 0.6 தூரத்தில். செங்குத்து அச்சைச் சுற்றி 360° க்ரூவ் (சுழற்றி வெட்டும் கருவி) கொடுத்து, எக்ஸ்ஒய் தளத்தில் மிரர் (பிரதிபலிப்பு) செய்தால் அடிப்புறமும் சரியாகிவிடும்.

வெளிக் கோட்டுக்குச் சூத்திரம் எழுதாமல் 9.6 என்று நேரடி எண் கொடுத்தாலும் எம்10 அழகாகவே வரும். எம்12-க்கு மாற்றிப் பாருங்கள்: மூலை மையத்திலிருந்து 10.39 வரை நீள்வதால் வெட்டு 9.6-இல் நின்று, ஆறு மூலைகளிலும் சிறு கொம்பு முளைத்திருக்கும்.

அதனால் சேமிக்கும் முன் 12, 1.75, 18, 10.8 என்றும், பிறகு 8, 1.25, 13, 6.8 என்றும் போட்டுப் பாருங்கள். கொம்பு தெரிந்தால் சூத்திரம் எழுதாத எண் ஒன்று நான்காம் படியின் ஸ்கெட்சில் ஒளிந்திருக்கிறது.