அம்மாவின் பக்கவாதச் சிகிச்சையும் காப்பீட்டில் காணாமல் போன பெயரும்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருந்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் காப்பீட்டு மேசையில் எங்கள் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டால் அம்மா பெயரே வரவில்லை. ஸ்கேனும் ஐசியூவும் கைக்காசில் ஓடின.

"புதுசா பதிவு பண்ணுங்க" என்றார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்றிதழ் வேண்டும். விஏஓ அலுவலகம், இ-சேவை மையம் என்று அலைந்து வாங்கினேன். அதைக் கொடுத்தால் அம்மாவின் ஆதார் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது என்று கணினி திருப்பிவிட்டது.

கடைசியில் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் இருந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மா முன்னாடி யார் கார்டுல இருந்தாங்க?" தக்கலையில் அண்ணன் கார்டில். அம்மா பெயரை எங்கள் கார்டுக்கு மாற்றியிருந்தாலும், காப்பீட்டுப் பதிவு பழைய எண்ணிலேயே கிடந்திருக்கிறது. அண்ணன் ஸ்மார்ட் கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். எண்ணை அடித்ததும் அம்மா பெயர் வந்துவிட்டது. அப்பாடா!

அக்கா அச்சிட்டுக் கொடுத்த பதிவுத் தாளோடு போனதும் மருத்துவமனையில் அனுமதி கேட்டு அனுப்பினார்கள், கிடைத்தது. முன்பே கட்டிய பணம் திரும்பாது. இது ரொக்கமில்லாத் திட்டம், பணம் நம் கைக்கு வராது, மருத்துவமனைக்கே போகும். அதனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இப்போதே பெயரைத் தேடிப் பாருங்கள், உதவி எண் 1800 425 3993. வீட்டுக்கு வந்தபின் பிசியோதெரபிக்கு, வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.