பல்கலைக்கழக இரசாயனவியலை இணையவழியில் தனியாகக் கற்பது எப்படி: திருகோணமலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர இரசாயனவியலுக்கு வகுப்புத் தேடும் மாணவருக்குத் திருகோணமலை நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆசிரியர்கள் கிடைப்பார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிறகு நிலைமை மாறிவிடுகிறது. வந்தாறுமூலையிலோ யாழ்ப்பாணத்திலோ விஞ்ஞான பீடத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் ஒருவர், விடுமுறைக்கு வீடு வந்திருக்கும்போது வெப்ப இயக்கவியலில் சிக்கிக்கொண்டால், ஊரில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். தமிழில் படித்த பாடத்தை இப்போது ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பது இன்னொரு சுமை. இந்த இடைவெளியை இணையவழித் தனிவகுப்பு நிரப்பக்கூடும். ஆனால் அதையும் திரையில் பார்க்கும் மற்றொரு விரிவுரையாக ஆக்கிக்கொண்டால், கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்காது.

தனிவகுப்பின் பெறுமதி ஆசிரியரின் பேச்சில் இல்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு படியையும் ஒருவர் பார்த்து, எந்த இடத்தில் பிழைத்தது என்று உடனே சொல்வதில்தான் இருக்கிறது. தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவர், வழமையான வகுப்பில் கற்றோருள் ஏறத்தாழ 98 சதவீதமானவர்களைவிட மேலான நிலையை அடைந்தார் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த கேர்ட் வான்லேன், பயன் உண்மையே, ஆனால் புளூம் சொன்ன அளவுக்கு இல்லை என்று 2011இல் காட்டினார். அவர் கண்ட இன்னொன்று நமக்கு மிக முக்கியமானது: இறுதி விடையை மட்டும் சரிபார்க்கும் கணினி முறைகள் சிறிதளவே உதவின, ஒவ்வொரு படியையும் சரிபார்த்தவையோ மனித ஆசிரியருக்கு ஏறத்தாழ ஈடாக நின்றன.

எனவே ஆசிரியரைத் தேடுவதற்கு முன், உங்கள் படிகளைத் தாளில் கொண்டுவாருங்கள். கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு வினாவை எடுத்து, குறிப்புகளை மூடிவைத்து, பேனையால் விடை எழுதுங்கள். பிழையென்று தோன்றுவதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். நின்றுபோன இடத்தில் ஏன் நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1 லீற்றர் தாங்கற் கரைசலில் அசெற்றிக் அமிலமும் சோடியம் அசெற்றேற்றும் தலா 0.10 மூல் உள்ளன. அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. இதனுடன், கனவளவு மாறாதபடி, 0.010 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பீஎச் பெறுமானம் என்ன? சேர்த்த அமிலம் அசெற்றேற்று அயனுடன் முதலில் தாக்கமுறுவதால், அமிலம் 0.11 மூலாகவும் அசெற்றேற்று 0.09 மூலாகவும் மாறுகின்றன, பீஎச் 4.74இலிருந்து 4.66 ஆகச் சிறிதளவே இறங்குகிறது. இங்கே 2.0 என்று எழுதியவர், அமிலம் வெறும் நீரில் விழுந்ததாகக் கணித்திருக்கிறார். 4.83 என்று எழுதியவர் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். 4.70 என்று எழுதியவர் அமிலத்தைக் கூட்டிவிட்டு அசெற்றேற்றைக் குறைக்க மறந்திருக்கிறார். முதலாமவருக்குத் தாங்கற் கரைசல் எவ்வாறு தொழிற்படுகிறது என்ற எண்ணக்கருவே தேவை. மூன்றாமவருக்குப் பீசமானத்தில், அதாவது தாக்கத்தில் கூடிக் குறையும் மூல் அளவுகளைக் கணிப்பதில், அரைமணி நேரப் பயிற்சி போதும். மூவருக்கும் ஒரே பாடத்தை முதலிலிருந்து நடத்துவது தனிவகுப்பு ஆகாது.

ஆசிரியரைத் தெரிவுசெய்ய ஒரு முன்னோட்ட வகுப்புப் போதும். மேற்சொன்னது போன்ற தாள் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். தாளைப் பார்த்தவுடன் சரியான விடையை எழுதிக் காட்டுபவரைவிட, “இந்தப் படியை ஏன் எழுதினீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவரே உங்களுக்கு ஏற்றவர். கிளாஸ்கோவில் பணியாற்றிய இரசாயனக் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜோன்ஸ்டன், இரசாயனவியல் மூன்று மட்டங்களில் ஒரேவேளையில் நிகழ்வதாலேயே கடினமாகிறது என்று விளக்கினார்: கண்ணுக்குத் தெரியும் மாற்றம், மூலக்கூறுகளின் நடத்தை, குறியீடும் சமன்பாடும். நல்ல ஆசிரியர் ஒரு சமன்பாட்டைக் காட்டி, குடுவையில் என்ன தெரியும், எந்தத் துணிக்கை எதனுடன் மோதுகிறது என்றும் கேட்பார். அதே பாட அலகை அண்மையில் சிறப்பாகச் சித்தியெய்திய அண்ணாவோ அக்காவோ பல வேளைகளில் பெரிய பட்டங்கள் பெற்றவரைவிட நன்றாக உதவுவார். ஆனால் உங்கள் விடைத்தாளைத் திருத்தக்கூடிய ஒருவருக்குப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டாம். அது இருவருக்கும் கேடு. விளக்கம் தமிழில் இருக்கலாம், விடையை மட்டும் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

கருவிகளுக்கு அதிகம் செலவிடத் தேவையில்லை. கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கின் மேல், பின்புறக் கமரா தாளை நோக்கும்படி வைத்தால், ஆசிரியர் உங்கள் கை எழுதுவதை நேரடியாகப் பார்ப்பார். முகம் தெரிய வேண்டியதில்லை. சூம் செயலியின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு வினாவை முழுமையாகப் பார்க்க அந்த நேரம் போதுமானது. வாட்ஸ்அப்பில் தாளின் படத்தை ஆவணமாக அனுப்பினால் சிறிய எழுத்துகளும் தெளிவாக இருக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் சிக்னலும் விட்டுப்போகலாம் என்பதால், தொடர்பு அறுந்தால் மீதியைக் குரல்பதிவில் தொடர்வது என்றும், கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது என்றும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

சேதன இரசாயனத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பொறிமுறைகளைப் பார்த்துப் பிரதிபண்ணுவதால் பயனில்லை. கருநாடி (இலத்திரன்சோடியை வழங்கும் துணிக்கை) எது, இலத்திரன்சோடி எங்கிருந்து எங்கே செல்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே வளைந்த அம்புக்குறியை வரையுங்கள். மூலக்கூறின் முப்பரிமாண அமைப்புத் தெரியவேண்டிய இடத்தில், பப்கெம் (PubChem) என்ற இரசாயனத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் உருவைச் சுழற்றிப் பார்க்கலாம். அசேதனத்தில் பாடத்தை ஊரோடு இணைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். புல்மோட்டைக் கனிய மணலில் உள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தானியமும் கொண்ட ஒட்சைட்டு என்பதால், அவற்றின் ஒட்சியேற்ற எண்களையும், அதிலிருந்து தைத்தானியத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளையும் பற்றிய நல்ல வினாக்களை அங்கிருந்தே எழுப்பலாம்.

வகுப்பு முடிந்த மறுநாள், அதே வினாவை வெற்றுத்தாளில் மீண்டும் செய்யுங்கள். ஆசிரியர் இருக்கும்போது விளங்கியது தனியே இருக்கும்போதும் வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் கழித்து, எண்கள் மாற்றிய வினா ஒன்றை அவரிடமிருந்து கேட்டுப் பெறுங்கள்.

அளவியின் திருகை எவ்வளவு திறப்பது, நிறமாற்றத்தின் முதற் சாயலில் எப்போது நிறுத்துவது என்பவற்றைத் திரை கற்றுத்தராது. அவற்றுக்கு ஆய்வுகூடத்தில் செலவிடும் நேரமே வழி. ஆய்வறிக்கையை எழுதித் தருவதாகச் சொல்லும் ஆசிரியரை உடனே விட்டுவிடுங்கள். உங்கள் வாசிப்புகளை நீங்களே கணித்து முடித்த பிறகு, கணிப்பில் எந்தப் படி பிழைத்தது என்று காட்டும்படி மட்டும் கேளுங்கள்.