ஃபேன்டஸி ஃபுட்பால்: வந்த டிரேட் நியாயமானதா என்று கணக்குப் போடுவது எப்படி?

2024 அக்டோபரில் நான் செய்த ஒரு டிரேடுக்கு (வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம்) எங்கள் ஆபீஸ் லீகின் வாட்ஸ்அப் குரூப் கொதித்துப் போனது. பஃபலோ பில்ஸின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜேம்ஸ் குக், வாஷிங்டனின் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) டெர்ரி மெக்லாரின் இருவரையும் கொடுத்துவிட்டு, அப்போது காயத்தில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை வாங்கினேன். "பச்சைக் கொள்ளை", "கமிஷனர் தூங்குறாரா?", "வீட்டோ போடுங்க" என்று செய்திகள் வந்து விழுந்தன. (கமிஷனர் என்றால் லீகை நடத்துபவர், வீட்டோ என்றால் டிரேடை ரத்து செய்வது.) கொள்ளைக்காரன் நான்தானாம். உண்மையில் யார் பறிகொடுத்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆபீஸில் யாரோ கூப்பிட்டார்கள் என்று லீகில் சேர்ந்து, டிராஃப்டையும் (ஆளாளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) எப்படியோ முடித்துவிட்டு, இப்போது போனில் "உங்களுக்கு ஒரு டிரேட் வந்திருக்கிறது" என்பதைப் பார்த்து முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்காவின் என்.எஃப்.எல். ஆட்டம், மெஸ்ஸி ஆடுவது அல்ல. நிஜ வீரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம், அவர்கள் களத்தில் செய்வது நமக்குப் புள்ளி. வாரம் ஒருவரோடு மோதல், அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி.

ட்ரீம் 11 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரே வீரரை லட்சம் பேர் எடுக்கலாம், ஆட்டமும் அன்றோடு முடிந்துவிடும். இங்கே 12 பேர் லீகில் ஒரு வீரர் ஒருவருக்குத்தான் சொந்தம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. உங்களுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் வேவரில் யாருக்கும் வேண்டாமல் கிடப்பவரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவரிடம் பேரம் பேச வேண்டும்.

படி 1: லீகின் புள்ளி விதியைத் திறந்து படியுங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் போடும் கணக்கு எல்லாமே தப்பாகப் போகும். பெரும்பாலான லீகுகளில் ஓடியோ பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) 6. குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) எறிந்த 25 யார்டுக்கு 1, எறிந்த டச் டவுனுக்கு 4. இதுவரை சிக்கல் இல்லை. பந்தை ஒருமுறை பிடித்தாலே புள்ளி உண்டா என்பதில்தான் வீரரின் விலை மாறுகிறது. பிடித்தால் முழு 1 புள்ளி என்றால் அது பி.பி.ஆர். லீக். அரைப் புள்ளி கொடுப்பவர்களும் உண்டு, ஒன்றுமே கொடுக்காதவர்களும் உண்டு.

2024 சீசனின் இரண்டு ரன்னிங் பேக்குகளை எடுத்துக்கொள்வோம். பால்டிமோரின் டெரிக் ஹென்றி 1,921 யார்டு ஓடினார், பிடித்து 193 யார்டு எடுத்தார், மொத்தம் 18 டச் டவுன். டெட்ராய்ட்டின் ஜமீர் கிப்ஸ் 1,412 யார்டு ஓடினார், பிடித்து 517, மொத்தம் 20 டச் டவுன். பந்தைத் தவறவிட்டதற்கான கழிவை விட்டுவிட்டுக் கூட்டினால், பிடித்ததற்குப் புள்ளி தராத லீகில் ஹென்றிக்கு 319.4, கிப்ஸுக்கு 312.9. ஹென்றி ஒரு மயிரிழை மேலே.

இனி பி.பி.ஆர். கணக்குக்கு வாருங்கள். ஹென்றி பிடித்தது 19 முறை, கிப்ஸ் 52 முறை. ஹென்றி 338.4, கிப்ஸ் 364.9. அதே இரண்டு பேர், அதே சீசன், கணக்கு தலைகீழ். ஆகவே யாராவது "ஹென்றியைக் கொடுத்து கிப்ஸை வாங்கலாமா?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் நான் கேட்பது "உங்க லீக் பி.பி.ஆரா?" என்றுதான்.

படி 2: சும்மா கிடைப்பவரைக் கழியுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. 2024-ல் பால்டிமோரின் குவார்ட்டர்பேக் லாமார் ஜாக்சன் 430-ஐ ஒட்டிப் புள்ளி எடுத்தார். சின்சினாட்டி ரிசீவர் ஜமார் சேஸ், பி.பி.ஆரில் 400-ஐ ஒட்டி. லாமார்தானே அதிகம், சேஸைக் கொடுத்து லாமாரை வாங்கினால் லாபம்தானே என்று தோன்றும்.

12 பேர் லீகில் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக்தான் இறங்க முடியும். ஆக மொத்தம் தேவை 12. என்.எஃப்.எல்.லில் அணிகள் 32. தெருவில் நின்றாலும் ஒரு சுமாரான குவார்ட்டர்பேக் கிடைத்துவிடுவார். ரிசீவர் அப்படியில்லை. ஆளுக்கு இரண்டு, ஃப்ளெக்ஸிலும் (ரன்னிங் பேக், ரிசீவர் என யாரை வேண்டுமானாலும் இறக்கும் இடம்) ஒருவர் என்று போனாலே 36 பேர் காலி.

வாரச் சராசரியில் பாருங்கள். லாமார் 25 என்றும், உங்கள் வேவரில் கிடக்கும் குவார்ட்டர்பேக் 17 என்றும் வைத்துக்கொண்டால், லாமாரால் உங்களுக்குக் கூடுதல் 8. சேஸ் 23, வேவர் ரிசீவர் 8 என்றால் கூடுதல் 15. அந்த 17-ம் 8-ம் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் லீகின் வேவர் பட்டியலைத் திறந்து உண்மையான எண்ணைப் போடுங்கள். இந்தக் கழித்தல் கணக்கை டிராஃப்டுக்காகப் பிரபலப்படுத்தியவர் ஃபுட்பால்கைஸ் தளத்தின் ஜோ பிரையன்ட். டிரேடுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கலாம் என்கிற சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் இந்தப் பத்தி செல்லாது. அங்கே குவார்ட்டர்பேக் தங்கம்.

படி 3: காகிதத்தில் இரண்டு லைனப் (அந்த வாரம் இறங்குபவர்கள்) எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்களுக்கு ஒரு டிரேட் வருகிறது. நீங்கள் வாரம் 20 புள்ளி எடுக்கும் ஒரு நட்சத்திர ரிசீவரைக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 14 எடுக்கும் ரன்னிங் பேக் ஒருவர், 12 எடுக்கும் ரிசீவர் ஒருவர். 20 கொடுத்து 26 வாங்குகிறோம், கசக்குமா என்ன?

இப்போது உங்கள் லைனப்பில் இந்த டிரேட் தொடும் இடங்கள் மட்டும்: ரன்னிங் பேக் 13, 9. ரிசீவர் 20, 13. ஃப்ளெக்ஸ் 10. கூட்டினால் 65.

டிரேடுக்குப் பிறகு: ரன்னிங் பேக் 14, 13. ரிசீவர் 13, 12. ஃப்ளெக்ஸ் 10. கூட்டினால் 62.

26 வாங்கியும் வாரம் 3 புள்ளி நட்டம். எங்கே போனது? உங்கள் 9 புள்ளிக்காரர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு எடுத்தாலும் உங்களுக்கு அது வெறும் வேடிக்கைதான். போதாததற்கு, ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்குவதால் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைக் கழற்றிவிட வேண்டும். இந்த "ரெண்டுக்கு ஒண்ணு" வலையில் விழாத புதியவரை நான் பார்த்ததில்லை.

கதையைச் சற்று மாற்றுவோம். உங்கள் இரண்டாவது ரன்னிங் பேக் காயத்தில் போய்விட்டார், அந்த இடத்தில் 4 எடுக்கும் ஒருவரை வைத்து ஒப்பேற்றுகிறீர்கள். இப்போது முன்னால் 60, பின்னால் 62. அதே டிரேட் 2 புள்ளி லாபம் தருகிறது. டிரேடில் நல்லது கெட்டது வீரரின் பெயரில் இல்லை, உங்கள் லைனப்பில் எந்த ஓட்டையை அவர் அடைக்கிறார் என்பதில் இருக்கிறது.

நான் இருப்பது டல்லாஸ் பக்கம். இங்கே இதைச் சொன்னால் ஊர் அணியான கவ்பாய்ஸின் ரசிகர் யாராவது 1989-ஐ இழுக்காமல் இருக்க மாட்டார்கள். அந்த அக்டோபரில் கவ்பாய்ஸ் தங்கள் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, ஐந்து வீரர்களையும், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கட்டு டிராஃப்ட் வாய்ப்புகளையும் அள்ளினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மூன்று சூப்பர் பௌல், அதாவது என்.எஃப்.எல். சாம்பியன் பட்டம். அங்கே ஒன்றைக் கொடுத்துப் பலதை வாங்கியவர்தானே ஜெயித்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிஜ அணியில் 53 பேர், வருங்காலத்துக்குக் காத்திருக்க ஆண்டுகள் உண்டு. உங்கள் லைனப்பில் இருப்பது ஒன்பது இடம், கையில் இருப்பது சில வாரம்.

அடுத்து, எதிராளியின் லைனப்பையும் எழுதுங்கள். மேலே சொன்ன டிரேடில் அவருக்கு ரன்னிங் பேக் 14, 13, ஃப்ளெக்ஸிலும் ஒரு ரன்னிங் பேக் 12, ரிசீவர் 12, 11. மொத்தம் 62. டிரேடுக்குப் பிறகு ரன்னிங் பேக் 13, 12, ரிசீவர் 20, 11, ஃப்ளெக்ஸில் பெஞ்சிலிருந்து 9. மொத்தம் 65. அவருக்கு 3 லாபம், ஓட்டையோடு இருந்த உங்களுக்கு 2 லாபம். இரண்டு பக்கமும் கூடுகிறது. நான் நியாயமான டிரேட் என்று சொல்வது இதைத்தான். இரண்டு தட்டும் ஒரே எடையில் நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

படி 4: காலண்டரைப் பாருங்கள்

என்.எஃப்.எல். சீசன் 18 வாரம், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. அந்த 'பை' வாரம் முடிந்தவரா, இனிமேல்தானா என்று பாருங்கள். 2024-ல் 14ஆம் வாரம் ஒரே மூச்சில் ஆறு அணிகளுக்கு ஓய்வு. பல லீகுகளில் பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி வாரம் அதுதான். அந்த அணிகளில் மூன்று பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் பட்டபாடு தனிக்கதை.

காயத்தையும் படித்துப் பழகுங்கள். ஐ.ஆர். பட்டியலில் (காயம்பட்டவர்களுக்கானது) போட்டுவிட்டார்கள் என்றால் குறைந்தது நான்கு ஆட்டம் கிடையாது. "க்வெஸ்டியனபிள்" (ஆடுவது சந்தேகம்) என்று போட்டால் ஞாயிறு மதியம்வரை நகத்தைக் கடிக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இருவரின் வெற்றி தோல்விக் கணக்கு. என் டிரேடுக்கு வருகிறேன். அப்போது நான் ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. மெக்காஃப்ரியை எனக்குக் கொடுத்தவர் நேர்மாறாக ஒரு வெற்றி, ஐந்து தோல்வி. மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெக்காஃப்ரி முந்தைய ஆண்டு பி.பி.ஆரில் 391 புள்ளி எடுத்தவர், பெரும்பாலான டிராஃப்டில் முதலில் போனவர், ஆனால் சீசன் தொடங்கியதிலிருந்து ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. காபி மெஷின் பக்கத்தில் நின்றபடி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, எனக்கு இந்த வாரம் ஆள் வேணும். நவம்பர்ல சாமியே இறங்கி வந்தாலும் அதுக்குள்ள நான் லீகை விட்டே போயிருப்பேன்."

அவரால் காத்திருக்க முடியாது, என்னால் முடியும். அதனால் ஒரே வீரருக்கு எங்கள் இருவரிடமும் வேறு வேறு விலை.

படி 5: கால்குலேட்டரைக் கடைசியில் திறங்கள்

ஃபேன்டஸிகால்க், கீப்டிரேட்கட் மாதிரித் தளங்களில் இரண்டு பக்கமும் பெயர்களைப் போட்டால் எந்தப் பக்கம் கனம் என்று சொல்லும். முதலாவது நிஜ லீகுகளில் நடந்த டிரேடுகளை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டாவது ஆட்டக்காரர்களின் வாக்கை வைத்து, முக்கியமாக வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீகுகளுக்காக. ஒரு சீசன் லீகுக்கு அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் 21 வயதுப் பையனுக்கு விலை எகிறியிருக்கும். இவை சந்தை விலை சொல்லும், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது ரன்னிங் பேக் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவற்றுக்குத் தெரியாது. படி 3-ஐ முடித்த பிறகு, நாம் ஏமாளியாகிறோமா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 6: அடுத்தவர் டிரேடுக்கு வீட்டோ போடலாமா?

என் கருத்து: கூட்டுச் சதி தவிர வேறு எதற்கும் கூடாது. பிளேஆஃப் வாய்ப்பு போன ஒருவர் தன் நல்ல ஆட்களை நண்பருக்குத் தூக்கிக் கொடுத்தாலோ, "பரிசுப் பணத்தில் பாதி" என்று பேசி வைத்தாலோ கமிஷனர் நிறுத்தட்டும். ஒருவர் தன் அணியைப் பற்றி உங்களிடமிருந்து மாறுபட்டு நினைக்கிறார் என்பதற்காக நிறுத்தக் கூடாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த டிரேட் உன் அணிக்கு எப்படி உதவும்?" நேராகப் பதில் சொல்ல முடிந்தால் விட்டுவிட வேண்டும். மதுரைக்காரர் குரூப்பில் ஒரே வரி போட்டார்: "எனக்கு ரெண்டு பேர் இறங்குறாங்க, ஒரு ஐ.ஆர். இடம் காலியாகுது, உங்களுக்கு என்ன பிரச்சினை?" கமிஷனர் டிரேடை அனுமதித்தார்.

மெக்காஃப்ரி 10ஆம் வாரம் திரும்பினார். டிசம்பர் 1, ஞாயிறு இரவு, பஃபலோவில் கொட்டும் பனியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் பில்ஸுக்கும் ஆட்டம். இரண்டாம் கால்வாசியில் அவர் முட்டியில் அடிபட்டு வெளியே போனார். நான்காவது ஆட்டம், சீசன் முடிந்தது, ஒரு டச் டவுன்கூட இல்லை. அவருக்கு மாற்றாக இறங்கும் ஜோர்டன் மேசனும் அதே ஆட்டத்தில் காயம். அதே பனியில், எதிர்ப்பக்கத்தில் நான் கொடுத்துவிட்ட ஜேம்ஸ் குக் 65 யார்டு ஓடிப் போய் டச் டவுன் போட்டார். சீசன் முடியும்போது குக் ஓடிப் போட்ட டச் டவுன் 16, மெக்லாரின் பிடித்தது 13.

அக்டோபரில் எனக்கு எதிராக வீட்டோ கேட்டவர்கள் எல்லாம் டிசம்பரில் "பாவம் தம்பி" என்றார்கள். இரண்டுமே தப்பு. டிரேடை அளக்க வேண்டியது அது நடந்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்து. அன்றைய கணக்குப்படி அது இருவருக்கும் சரியான டிரேட். முட்டி என் காகிதத்தில் இல்லை.

கடைசியாக, டிரேட் அனுப்பும்போது

ஆப்பில் மொட்டையாக ஒரு டிரேடைத் தட்டிவிடாதீர்கள். எதிராளியின் ஓட்டையை முதலில் சொல்லி எழுதுங்கள்: "அண்ணே, உங்க ரிசீவர் ரெண்டு பேருக்கும் அடுத்த வாரம் பை. எங்கிட்ட நாலு பேர் இருக்காங்க. உங்க மூணாவது ரன்னிங் பேக்கை எனக்குத் தர முடியுமா? யாரை எடுத்துக்கறீங்கன்னு நீங்களே சொல்லுங்க." பத்தில் ஆறு முறை பதிலாவது வரும். வந்த டிரேடை மறுக்கும்போதும் காரணத்தைச் சொல்லி மறுத்தால் அடுத்தது இன்னும் நல்லதாக வரும். போன சீசனில் மதுரைக்காரர் எனக்கு அனுப்பிய முதல் டிரேடில், பேச்சு எதுவும் இல்லாமல், தன் லைனப்பையும் என் லைனப்பையும் முன்னால், பின்னால் என்று எழுதிய ஒரு காகிதத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். கூட்டலில் ஓரிடத்தில் 2 புள்ளி தப்பு. அவருக்குச் சாதகமாக.