திவால் நோட்டீஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

நீதிமன்றத் தீர்ப்பின்படி நீங்கள் செலுத்த வேண்டிய தொகை 100,000 ரிங்கிட்டை எட்டிவிட்டால், கடன் கொடுத்தவர் மலேசியாவின் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் கீழ் திவால் நோட்டீஸ் எடுக்கலாம். அது கிடைத்து 7 நாள்களுக்குள் பணத்தைக் கட்டவோ அவர் ஏற்கும்படி ஓர் ஏற்பாட்டுக்கு வரவோ தவறினால், உங்களைத் திவாலாக்கக் கோரும் மனுவுக்கு வழி திறந்துவிடும். வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்று கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடிகளில் இன்னும் நம்புகிறவர்கள் உண்டு; நீதிமன்ற அனுமதியோடு அதைக் கதவில் ஒட்டலாம், நாளிதழில் விளம்பரமாகவும் போடலாம்.

ஆகவே நோட்டீசைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல், தொகையைச் சரிபாருங்கள். கட்டிய தவணைகள் கழிக்கப்பட்டுள்ளனவா, வங்கி இழுத்துச் சென்று ஏலம் விட்ட காரின் விலை வரவு வைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, ரசீதுகளோடு அந்த வாரத்திலேயே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. ஆனால் வழக்கு முற்றிய பிறகு அங்கே போவதைவிட, தவணை தடுமாறத் தொடங்கும்போதே போவதுதான் புத்திசாலித்தனம்.

மச்சானின் சொந்த உபயோகக் கார் கடனுக்கோ, தங்கையின் கல்விக் கடனுக்கோ லாபம் எதிர்பாராமல் கேரண்டர் கையெழுத்துப் போட்டவரைத் திவாலாக்க, 2017 திருத்தத்துக்குப் பிறகு இடமில்லை. வியாபாரக் கடனுக்குக் கையெழுத்திட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்றத்தின் திவால் உத்தரவு பிறந்துவிட்டால், உங்கள் சொத்துகள் திவால் இலாகாவின் தலைமை இயக்குநர் பொறுப்புக்குப் போகும். அவரது அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி வெளிநாடு செல்லவோ, நிறுவன இயக்குநராக இருக்கவோ முடியாது. திவாலானதைச் சொல்லாமல் 1,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் இருக்கும் சேமிப்பைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. வேலைக்குப் போகவும் தடையில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இலாகாவுக்குச் செலுத்த வேண்டியிருக்கும்.

உத்தரவுக்குப் பின் 21 நாள்களுக்குள் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் காட்டும் நிலை அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்ணயித்த தொகையைக் கட்டி, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வருமானக் கணக்கும் கொடுத்தவருக்கு 3 ஆண்டுகளில் தானாகவே விடுதலை கிடைக்க வாய்ப்புண்டு. அந்த 3 ஆண்டுகள் உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, இந்த அறிக்கையைக் கொடுத்த நாளிலிருந்தே எண்ணப்படும்.