பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடத்தை ஊருக்கான பொதுக்கூடமாக்குவது எப்படி?

ஊராட்சிக்குப் புது அலுவலகம் கட்டியதும் பழையதைப் பூட்டிவிடுவார்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி அறைகளுக்கும் அதே கதிதான். எங்கள் ஊர்ப் பழைய ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் நெல் காய்ந்தது, உள்ளே வேப்பங்கன்று முளைத்தது. அதைத் திறக்க வைக்க நாங்கள் அலைந்து கற்றுக்கொண்டதை, முதன்முறை முயல்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கட்டடம் யாருடையது?

மனு எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் வருவாய்த் துறையின் புறம்போக்காக இருக்கலாம். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணை (சர்வே எண்) கேட்டு வாங்கி, அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகைப்பாடு தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்யாமல் மனு கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, 'இவ்வலுவலகத்துக்குத் தொடர்புடையதல்ல' என்று திரும்பி வந்தது.

கட்டடத்தைப் பற்றித் தெரிய, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். எந்தச் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது, எந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் கட்டியது, கடைசியாக எப்போது பராமரித்தார்கள், இடிக்க உத்தரவு இருக்கிறதா என்பவை போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

2. கட்டடம் தாங்குமா?

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதை நினைவில் வையுங்கள். ஒன்றியப் பொறியாளர் பார்த்து, உறுதியாக இருப்பதாக எழுதித் தரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். சுத்தம் செய்கிறோம் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது. இடிக்க வேண்டியதுதான் என்றால், அதே இடத்தில் புதுக் கட்டடம் கேளுங்கள்.

3. சாவி யாரிடம்?

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். 'சமுதாயக் கூடம் வேண்டும்' என்றால் சில ஊர்களில் 'எந்தச் சமுதாயத்துக்கு?' என்ற கேள்விதான் முதலில் வரும். ஊர்த் தெருவில் இருக்கும் கூடத்துக்குள் காலனிப் பிள்ளைகள் கால் வைக்கத் தயங்கினால், அரசுப் பணத்தில் இன்னொரு சாதிச் சுவரைத்தான் எழுப்பியிருக்கிறோம். அதனால் குழு அமைக்கும்போதே எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் சேருங்கள், பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். முதல் கூட்டத்தைக் காலனியில் வைத்துப் பாருங்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் நேர அட்டவணை போடுங்கள். காலையில் முதியவர்கள் செய்தித்தாள் படிக்க, மதியம் மகளிர் குழுக் கூட்டம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் என எழுதுங்கள். சாவி எந்த இரண்டு பேரிடம் இருக்கும், பெருக்குவது யார், மின்கட்டணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேருங்கள். வெறும் 'கூடம் வேண்டும்' என்ற மனுவைக் கோப்பில் போட்டுவிடுவார்கள். இந்தத் தாள் இணைந்த மனுவைப் பற்றி அதிகாரி நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார்.

4. கிராம சபை

கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். உங்கள் கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தைக் குழுவின் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லாதீர்கள். அது அரசுச் சொத்தாகவே இருக்கட்டும். பயன்படுத்த அனுமதி கேளுங்கள்.

கூட்டத்துக்கு வந்ததும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அது வருகைப் பதிவுதான். தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசிக்கச் சொல்லி, அதன்பின்தான் கலைய வேண்டும். பிறகு நகல் வாங்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு குழுவையும் பகுதி சபையையும் நாடலாம்.

தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். அசைவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே தரும் மனு எண்ணைத் தொலைக்காதீர்கள்.

5. பணம்

சின்னப் பழுதை ஊராட்சியே பார்க்கலாம். பெரிய வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். வசூலுக்கு ரசீதுப் புத்தகம் கட்டாயம். குழுவைச் சங்கமாகப் பதிய விரும்பினால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும்.

அனுமதி கைக்கு வந்த அன்றே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் பழைய இணைப்பில் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு வெள்ளையடித்து முடித்த பிறகும் விளக்கெரிய ஒரு மாதம் ஆனது அதனால்தான்.