பால் கவர் முதல் பேப்பர் கப் வரை: கடைக்குப் போடும் முன் வீட்டில் பிரிப்பது எப்படி

திருச்சியில் பழைய பேப்பர் கடை நடத்துகிறேன். பேப்பர் கடை என்றாலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஒரு டப்பா மறுபடியும் பொருளாகுமா, அரியமங்கலம் குப்பைக்கிடங்குக்குப் போகுமா என்பது அநேகமாக உங்கள் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. எதைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம்: ஒரே சரக்கால் ஆனதா? சுத்தமாகக் காய்ந்திருக்கிறதா? நீங்களும் அதையே பாருங்கள்.

பால் கவரிலிருந்து தொடங்கலாம், அது தினமும் எல்லார் வீட்டிலும் சேர்வதால். அது எல்டி, அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். உருக்கிக் குருணையாக்க நல்ல சரக்கு. ஆனால் கழுவாத கவர் மறுநாளே நாற ஆரம்பித்துவிடும். அப்புறம் அதை வாங்கவும் முடியாது, தொடவும் முடியாது. மூலையை நறுக்கும்போது துண்டை முழுசாக வெட்டி எடுக்காமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். நகம் அளவு இருக்கும் அந்த முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. சிங்க் வழியாகச் சாக்கடைக்குப் போய், உய்யக்கொண்டான் வாய்க்காலில் கலந்துவிடும். பாலை ஊற்றியதும் கவரின் மேல்பக்கத்தை அகலமாகப் பிரித்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். கவரைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பாட்டில், டப்பா. அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் சரக்கு), 2 எச்டி (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), 4 எல்டி, 5 பிபி (பாலிபுரோப்பிலீன்). இவற்றுக்குக் கடையில் விலை உண்டு. 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை. இவை வீட்டிலிருந்து வந்தால் பெரும்பாலும் கடையில் எடுபடாது. எண் அழிந்துபோயிருந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். எச்டி, எல்டி, பிபி மிதக்கும். பெட்டும் பிவிசியும் மூழ்கும். தண்ணீர் பாட்டிலிலேயே பார்க்கலாம்: உடம்பு மூழ்கும், மூடி மிதக்கும். ஒரே பாட்டிலில் இரண்டு சரக்கு. அரைத்த துண்டுகளை ஆலையில் பிரிப்பதும் இதே முறையில்தான். எனவே மூடியைக் கழற்றி, லேபிளைக் கிழித்து, பாட்டிலை நசுக்கித் தனித்தனியாகப் போடுங்கள். எண்ணெய் பாட்டிலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சீயக்காய்த்தூளும் போதும். ஹோட்டல் பார்சல் டப்பாவை முடிந்தால் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ கேட்டு வாங்குங்கள். கருப்பு டப்பாவை உருக்கினால் கருப்புப் பொருள் மட்டுமே செய்ய முடியும், அதனால் விலையும் குறைவு.

எரித்துப் பார்த்துச் சரக்கைக் கண்டுபிடிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. தயவுசெய்து வீட்டில் அதைச் செய்யாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். போகியன்று பழைய பாயோடு பிளாஸ்டிக்கையும் கொளுத்தினால், அந்தப் புகை முதலில் போவது உங்கள் வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள்தான்.

இனி, என்ன கழுவினாலும் கடையில் எடுக்காதவை. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே அச்சடித்த ஒரு படலம், உள்ளே இன்னொரு படலம், நடுவில் பூச்சாக அலுமினியம். நகத்தால் சுரண்டினாலும் பிரியாது. லாபத்துக்குப் பிரிக்கிற ஆலையும் எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை. மாநகராட்சி சேகரிப்பவை அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாவதும் உண்டு. அது குப்பைமேட்டைவிடப் பரவாயில்லை, ஆனால் மறுசுழற்சி ஆகாது. இதில் நம்மால் முடிவது வாங்கும்போதுதான்: பத்து சாஷேக்குப் பதில் ஒரு பாட்டில். தெர்மாகோலும் அப்படித்தான். அதன் பருமனில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று, வண்டி வாடகைக்கே கட்டாது.

பேப்பர், துணி மாதிரித் தெரிபவற்றிடம் கவனமாக இருங்கள். டீக்கடை பேப்பர் கப்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள்: காகிதம் கூழாகிவிடும், உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் அப்படியே கையோடு வரும். ஜவுளிக்கடையில் துணிப்பை என்று கொடுக்கும் நான்-ஓவன் பையும் பாலிபுரோப்பிலீன்தான். இழையோடாமல், சின்னச் சின்னப் புள்ளி அழுத்தினாற்போல் இருந்தால் அது துணியில்லை. வெயிலில் கிடந்தால் உதிர்ந்து தூளாகிவிடும். இரண்டுமே 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அடங்கும்.

உண்மையான துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தி விளைய நிறையத் தண்ணீரும் உரமும் வேண்டும். 2011-ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய கேரி பேக்குக்கு ஈடாக வர, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. அது புவி வெப்பமாதலை மட்டும் பார்த்த கணக்கு. அடைத்துக்கொள்ளும் சாக்கடையோ மாட்டின் வயிறோ அதில் இல்லை. 2019-ல் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். ஆகவே மஞ்சப்பை தாராளமாக வேண்டும், ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் புதுசாக ஒன்று வாங்கிச் சேர்க்க வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு மூன்றை வண்டியிலேயே வைத்து, கிழிந்தால் தைத்து, வருஷக்கணக்கில் ஓட்டுங்கள்.

அலுமினிய டின்னை ஒருபோதும் குப்பையில் போடாதீர்கள். தாதுவிலிருந்து புதுசாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதத்திலேயே அதை உருக்கிவிடலாம்.

கண்ணாடி முழு பாட்டிலாக இருந்தால் கடையில் எடுப்போம். உடைந்திருந்தால் பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே பேனாவால் ‘கண்ணாடி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.